குரங்கு தின்னாத வடை

“சாமி, உங்க சீடன் மாடக்கண்ணு சாயந்தரமானா காப்பி கிளப்புல வடை வாங்குதான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்!”

பிச்சைமணி நாள் பார்த்துத்தான் கோள் சொன்னார். ஏழு வருஷம் கூடவே கிடந்த மாடக்கண்ணுவுக்கு மஞ்சள் சீவர ஆடை கொடுத்து, அவனையும் பிட்சுவாக்கப் போகிற பௌர்ணமி அது. பின்னால் வந்து சேர்ந்த பிச்சைமணிக்கு ஒரு வாரமாகவே வயிற்றெரிச்சல்.

கொழும்பிலிருந்து வந்து ஐந்தருவிப் பக்கம் மண்டபத்தில் தங்கியிருந்த அந்தப் புத்த பிட்சு மகா கண்டிப்பு. உச்சிப்பொழுது தாண்டினால் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் பல்லில் படக்கூடாது.

பிட்சு குழைந்த சோற்றை ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தார். கடவாய்ப்பல் ஆடுகிறதென்று ஒரு மாசமாக அப்படித்தான்.

“உண்மையா, மாடக்கண்ணு?”

“வாங்குனது நெசம் சாமி. குரங்குக்கு. மண்டபத்துக்குப் பின்னால பாறையில வச்சிட்டு வந்துருவேன்.”

பௌர்ணமிக்கு வந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“குரங்குக்கு வடையாம்லா! நல்லா வளக்குதான் வயித்த!”

பிட்சு கண்ணை மூடினார்.

“நாக்கை வெல்லாதவனுக்கு ஏது ஞானம்? ஊருக்குப் போ.”

மாடக்கண்ணு விழுந்து கும்பிட்டுவிட்டு, சாரலில் நனைந்தபடி இலஞ்சிக்கு நடந்தான்.

அடுத்த பௌர்ணமிச் சீவரம் தனக்குத்தான் என்று பிச்சைமணிக்கு உச்சி குளிர்ந்தது.

மூன்றாம் நாள் சாயந்தரம் பிட்சு தொண்டையைச் செருமினார்.

“பிச்சைமணி, பாவம், அந்தக் குரங்குகள் பழகிவிட்டன. ஜீவகாருண்யம் வேண்டாமா?”

குரு வாயால் கேட்டுவிட்டாரே! பிச்சைமணி ஓடினார். மொறுமொறுவென்று நாலு ஆமவடை வாங்கிப் பாறையில் வைத்தார். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தால், ஒரே ஒரு வடையில் ஓரமாக ஒரு கடி. மற்ற மூன்றும் வைத்தபடி இருந்தன.

குற்றாலத்துக் குரங்கு வடையை விட்டுவைத்ததாகச் சரித்திரமே கிடையாது. பிச்சைமணிக்கு மண்டை குடைந்தது. விடிந்ததும் இலஞ்சிக்குப் போனார்.

மாடக்கண்ணு வயலில் களை பறித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, அந்தக் குரங்கு வடையத் திங்க மாட்டேங்குதே?”

“என்ன வடை அண்ணாச்சி வச்சிய?”

“ஆமவடைதான்.”

மாடக்கண்ணு பதறிப்போனான்.

“ஐயையோ, அதுக்குக் கடவாய்ப்பல்லு ஆடுதுல்லா! உளுந்தவடையா வாங்கி வையுங்க. சாம்பார்ல ஊறப்போட்டா இன்னும் நல்லது.”

பிச்சைமணிக்குக் குரு ஒரு பக்கமாக மென்றது ஞாபகம் வந்தது.

“அட பாவி! அன்னைக்கே சொல்லிருந்தா உனக்குச் சீவரம் கெடச்சிருக்குமேலே!”

“எனக்குக் கெடச்சிருக்கும் அண்ணாச்சி. அவருக்குல்லா போயிருக்கும்.”

சொல்லிவிட்டு மாடக்கண்ணு குனிந்து அடுத்த களையைப் பிடுங்கினான்.

பிச்சைமணியின் தோளில் கிடந்த துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.