முதுகுச் சேலை

மலைக்கு அஞ்சாதவனுக்கே மண்ணை அளக்கும் தகுதி உண்டு என்று சர்வே அதிகாரி அருளினார்.

டோலியில் சாய்ந்தபடி. நாலு பேர் தோளில்.

பின்னால் பாவாயி ஏறிக்கொண்டிருந்தாள். தலையில் அவருடைய தகரப்பெட்டி. முதுகில், பழஞ்சேலையில் கட்டிய மகள் சின்னக்கண்ணு. ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

ஆனால் கை இரண்டும் உடும்பு. அம்மாவின் தோளுக்கு மேலாக நீட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொள்வாள். பாவாயிக்குப் பாறையைப் பற்ற இரண்டு கையும் மிச்சம். அடிவாரச் சேந்தமங்கலத்திலிருந்து மலைமேல் அரியூர் நாடு வரை இப்படித்தான் இருவருமாகச் சுமை ஏற்றிப் பிழைத்தார்கள்.

ஊற்று கண்ட இடத்திலெல்லாம் பாவாயி மகளை இறக்கிப் புதர் மறைவில் உட்கார வைப்பாள். மூத்திரம் முட்டுவது மகளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

மூன்றாவது ஊற்றில் அதிகாரிக்குப் பொறுமை போயிற்று.

"பெட்டியில சர்க்கார் காகிதம் இருக்கு. இது நனைச்சுத் தொலைச்சா யார் பதில் சொல்றது? நாளைக்கு இதையும் தூக்கிட்டு வந்தே, உனக்கு வேலை இல்லை!"

பாவாயி மகளை மறுபடி முதுகில் கட்டிக்கொண்டாள். சர்வே மூன்று மாதம் நடக்கும்; மூன்று மாதத்துக் கஞ்சி அது. மகளை விட்டுவிட்டு வர வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அடுத்த திருப்பத்தில் வழி ஓராள் அகலத்துக்குச் சுருங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பத்தடி தூரம்தான். டோலியைக் காலியாகத்தான் கொண்டுபோக முடியும்.

பாவாயி கடந்துபோய் அந்தப் பக்கம் பெட்டியை இறக்கினாள், மகளை இறக்கினாள், திரும்பிப் பார்த்தாள்.

மலைக்கு அஞ்சாதவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாறையைக் கட்டிப்பிடித்திருந்தார். டோலிக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தால் அலறினார். கால் மட்டும் பெயரவில்லை.

பாவாயி முதுகுச் சேலையை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நீங்க தள்ளிக்குங்கண்ணா. கால் வராதவங்களத் தூக்கறது எனக்குத்தானுங்க பழக்கம்."

மகளைக் கட்டுவது போலவே அவரை முதுகில் கட்டினாள். ஆள் ஒரு சாமை மூட்டைக் கனம்கூட இல்லை. பத்தடியும் அவர் அவள் கழுத்தை விடவில்லை.

அந்தப் பக்கம் இறங்கியதும், பின்னாலேயே வந்த காலி டோலியில் விடுவிடென்று ஏறி உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தை எடுத்து மடியில் பரப்பிக்கொண்டார். பிறகு ஆகாயத்தைப் பார்த்து உத்தரவிட்டார்: நாளையிலிருந்து குழந்தையும் வரலாம்.

நாலாவது ஊற்றில் பாவாயி சேலையை அலசிப் பிழிந்தாள்.

"ஏம்புள்ள, கடைசியில சின்னக்கண்ணு நனைச்சே போட்டாளாக்கும்?" என்றான் டோலிக்கார அர்த்தனாரி.

"ஆமாங்கண்ணா" என்றாள் பாவாயி, டோலிவரைக்கும் கேட்கிற மாதிரி.

சின்னக்கண்ணு அம்மாவை முறைத்தாள்.

அவள் காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட நனைத்திருக்கவில்லை.