அக்குள் சூடு

இடது கையை விலாவோடு இறுக்கி ஒட்டிக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

"என்ன சார், கையில அடியா?" என்றாள் கூடத்துக்குப் பொறுப்பான அம்மாள். நான் ஓய்வு பெறும்வரை எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

"அடியும் இல்ல, இடியும் இல்ல. ஒருத்தனை வெதுவெதுன்னு கொண்டாந்திருக்கேன். மைக்ராஸ்கோப்பை விட்டு எந்திரி."

அக்குளிலிருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தேன். பேருந்தில் பதினோரு நிறுத்தம், கை அசையாமல். பக்கவாதம் என்று நினைத்து மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். டப்பாவுக்குள் இருப்பது ஒரு மனிதனின் வயிற்றுப்போக்கு என்று தெரிந்திருந்தால் பேருந்தையே என் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு இறங்கியிருப்பார்கள்.

விஷயம் இதுதான். டப்பாவின் சொந்தக்காரர் நான்கே மாதத்தில் பதினெட்டு கிலோ இளைத்துவிட்டார். மூன்று முறை சோதித்தும் 'ஒன்றுமில்லை'. அப்படியானால் குடலில் கட்டியாகத்தான் இருக்கும், வெள்ளிக்கிழமை வயிற்றைத் திறந்துவிடலாம் என்கிறார் மருத்துவர். திறந்தால் அந்த உடம்பு தாங்காது.

இன்று புதன்.

என் சந்தேகம் வேறு. மூன்று முறையும் டப்பா ஐஸ் பெட்டியில் போயிருக்கிறது. இப்போதைய ஆட்களுக்கு எதையும் கத்தரிக்காய் மாதிரி குளிரில் வைத்தால்தான் நிம்மதி. நான் தேடும் அயோக்கியன் குளிர் பட்டால் நீந்தமாட்டான். சற்று நேரத்தில் கரைந்தே போய்விடுவான். உடம்புச் சூடு ஆறுவதற்குள் அமுக்கவேண்டும். அதற்குத்தான் அக்குள்.

ஜியார்டியா என்று பெயர். இருப்பது ஒரே செல். அதற்கு எட்டு வால். பேரிக்காய் மூஞ்சியில் இரண்டு உட்கருவும் இரண்டு கண்ணாகத் தெரிய, நம்மைப் பார்த்து முழிப்பான். திருடி மாட்டிக்கொண்டவனின் முழி. நாற்பது வருடத்தில் அந்த முழியை ஒரு கோடி தடவை பார்த்திருக்கிறேன். குறைத்துச் சொல்கிறேன்.

குடல் சுவரில் ஒட்டிக்கொள்வது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த தொழில். உடம்பு அடையாளம் கண்டு துரத்த வந்தால், மேல்சட்டையை மாற்றிக்கொண்டு 'அவன் வேறு, நான் வேறு' என்று நிற்பான்.

விஞ்ஞானிகளே ரொம்ப நாள் ஏமாந்தார்கள். நம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உலை உண்டு, மைட்டோகாண்ட்ரியா. இவனிடம் அது இல்லை. பாவம், உலை என்பதே வருவதற்கு முன் பிரிந்துபோன ஏழை வம்சம் என்று உச்சுக்கொட்டினார்கள். பிறகு துருவிப் பார்த்தால், மூலையில் அந்த உலையின் மிச்சம் கரித்துண்டாகக் கிடக்கிறது. ஏழையாவது, மண்ணாங்கட்டியாவது! முன்னோர் வைத்திருந்த சொத்து. அடுத்தவன் வீட்டில் சாப்பாடு நிச்சயம் என்றதும் தலைமுழுகியிருக்கிறான்.

பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்பவர்கள் என் வீட்டு மாடிக்கு வந்து பார்க்கட்டும்.

மாடியில் இருப்பவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. சொந்தமாக அச்சகம் வைத்திருந்தான். அதை ஊதித் தள்ளிவிட்டு, இரண்டு நாள் தங்குகிறேன் என்று வந்தான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவன் இவனைச் சந்தித்ததே இல்லை. அச்சகத்தின் மிச்சம் ஒரு பெட்டி ஈய எழுத்து, கட்டிலுக்கு அடியில். மற்றதெல்லாம் என் செருப்பு, என் செய்தித்தாள், என் சட்டை. எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் அவன் புகுந்து தும்மினால், பொத்தான் தெறித்து எதிர்ச்சுவரில் காரை பெயரும். தைத்துத் தைத்தே என் மனைவிக்குக் கண் மங்கிவிட்டது.

நீயும் ஜியார்டியாவும் பங்காளிகள்டா என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

"அதுக்கு எட்டு வால் அத்தான். எனக்கு ஒண்ணுகூட இல்லையே!" என்று என் சாய்வு நாற்காலியில் கிடந்து சிரித்தான்.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு வைத்து மூடிக் குனிந்தேன். மேலிருந்து கீழே ஒரு வரிசை, கீழிருந்து மேலே ஒரு வரிசை, வயலில் ஏர் ஓட்டுவது போல. ஒன்றுமில்லை.

ஐந்தாவது வரிசை. ஒன்றுமில்லை.

ஒன்பது. அந்த அம்மாள் தொண்டையைக் கனைத்தாள். டப்பா ஆறிக்கொண்டிருந்தது.

வாடா, திருட்டுப்பயலே. தண்டச்சோறு. யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாயே, இன்றைக்கு நான் கூப்பிடுகிறேன், வந்து தொலை.

பதினான்காவது வரிசையின் ஓரத்தில், மரத்திலிருந்து சருகு உதிர்வது போல எதுவோ புரண்டு புரண்டு வந்தது. திரும்பியது.

இரண்டு கண். அதே முழி.

என் வாழ்நாளில் இவ்வளவு அருவருப்பான ஜந்துவை இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. நகர்ந்து இடம் கொடுத்தேன். அந்த அம்மாள் குனிந்தாள்.

"அடப்பாவி, குடும்பத்தோடல்லவா இருக்கான்! மாத்திரையிலேயே போயிடுவான் சார். சர்ஜனுக்கு நானே போன் பண்றேன், கத்தியை உள்ள வைக்கட்டும்." அறிக்கைத் தாளை இழுத்தாள். "பேரும் விலாசமும் சொல்லுங்க."

பேரைச் சொன்னேன். விலாசத்துக்கு என் வீட்டு எண்ணைச் சொல்லி, 'மாடி' என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அவள் பேனா நின்றது.

வீட்டுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே மனைவி எடுத்தாள்.

"ஊசி நூலை எடுத்து வை, மறுபடி பொத்தான் தெறிக்கப்போகுது," என்றேன்.