மூன்றாவது நிழல்

"கேமராவைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்க மாட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் மனைவி. அவளைச் சமாதானப்படுத்த போட்டோகிராபருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

கல்யாணமான புதிதில் அவள் ஆசையாக வாசல் கதவில் மாட்டிய பித்தளை அன்ன ஜோடி. சாயங்கால வெயிலில் இரண்டின் நிழலும் ஒன்று சேரும். அதைப் படமெடுத்து அனுப்பினால் மனசு இளகிவிடாதா?

கேமராவில் கண்ணைப் பதித்துக் காத்திருந்தான். நிழல்கள் நெருங்குகிற நேரம் பார்த்து, கதவில் மூன்றாவதாக ஒரு நிழல் விழுந்தது.

"யாருங்க அது, காரியத்தைக் கெடுக்கறது? தள்ளிப் போங்க!" என்று திரும்பாமலே கத்தினான்.

நிழல் விலகியது. க்ளிக்!

'நாமளும் இப்படித்தான். வந்துடும்மா' என்று எழுதி, படத்தை அனுப்பினான்.

உடனே போன். மச்சான்.

"ஏன் மாமா, நான் வண்டியில கொண்டு வந்து விட்டு, பெட்டியோட வாசல் வரைக்கும் வந்த அக்காவை 'தள்ளிப் போங்க'ன்னு விரட்டிட்டு, இப்ப 'வந்துடு'ன்னு மெசேஜா?"