கடைசியில் வரும் மணி

கன்னியாகுமரி சைக்கிள் பயணத்துக்கு இந்த வருடமும் நான்தான் முன்னால் போகிறேன். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் வருபவர்கள் வரிசையாக ஆளுக்கொரு முறை மணியடிப்பார்கள், நான் எண்ணுவேன். போன வருடம் வடசென்னையைத் தாண்டும் முன்பே, எர்ணாவூரில் கடைசி மணி கேட்கவில்லை. லாரி இரைச்சல் என்று நினைத்து நான் நிற்கவில்லை. கடைசியில் வந்த ரஞ்சித் லாரியில் அடிபட்டு அங்கேயே இறந்துவிட்டான்.

இன்று காலை ஒத்திகை. எனக்குப் பின்னால் பதினொரு பேர். எர்ணாவூரில் பன்னிரண்டு முறை மணி கேட்டது. இறங்கித் தலைகளை எண்ணினேன். பதினொன்றுதான்.

"இன்னா பகலு, எண்ணத் தெரியாதவன்லாம் லீடரா?" என்று ஷாலு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்த வருடம் கடைசியில் வருபவள் அவள்தான்.

மறுபடி கிளம்பினோம். பன்னிரண்டாவது மணி முன்பைவிடத் தொலைவில், எல்லோருக்கும் பின்னாலிருந்து கேட்டது. எனக்குத்தான் தப்பாகக் கேட்கிறதோ என்று வேகம் கூட்டினேன்.

"மெதுவா போ பகலு," என்று பின்னாலிருந்து ஷாலு கத்தினாள். "அவன் வந்துகினு கீறான்."