மணி அடித்த பிறகு

அந்த மலைக்கல்லூரியின் மாலை மணியைக் கேட்டவர்கள், அன்று பழகிய முகங்களை எல்லாம் மறந்துவிடுவார்கள். படித்த மந்திரங்கள் மட்டும் தங்கும். சிநேகம் படிப்பைக் கெடுக்கும் என்று என்றோ ஒரு தலைமை ஆசான் செய்துவைத்த ஏற்பாடு. காது கேளாத அல்லிக்கு அந்த மணி, நூலக மேசையில் ஓடி மறையும் ஒரு நடுக்கம், அவ்வளவுதான். அதனால் அவளுக்கு எல்லோரையும் தெரியும். அவளைத்தான் யாருக்கும் தெரியாது.

தினமும் காலையில் அறைத்தோழி சாருமதி கேட்பாள்: "நீ புதுசா? உன் பேரென்ன?"

உதட்டசைவைப் பார்த்துவிட்டு, அல்லி ஐந்து விரல்களையும் மொட்டாகக் குவித்துக் கன்னத்தருகே மெல்ல விரிப்பாள். அதுதான் அவள் பெயர். சாருமதி சிரித்துக்கொண்டே அதைச் செய்து பழகுவாள். சாயங்காலத்துக்குள் இருவரும் கைகளாலேயே வம்பளக்கத் தொடங்கியிருப்பார்கள். ஒருமுறை அல்லி விஷயத்தைச் சொல்ல, சாருமதி காதில் பஞ்சடைத்துக்கொண்டும் பார்த்தாள். மணியோசை எலும்பு வழியாகக் கேட்டுவிட்டது.

இன்று காலையும் அதே கேள்வி. அல்லிக்கு அலுத்துவிட்டது. கைகளைக் கறுப்பு அங்கியின் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்றாள்.

சாருமதி தன் வலது கையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அது அவள் கன்னத்தருகே குவிந்து, விரிந்தது. மறுபடியும் குவிந்தது.

"எந்திரிச்சதுலேர்ந்து இந்தக் கை இதையே பண்ணிட்டிருக்கு. ஏன்னு உனக்குத் தெரியுமா?"

அல்லி கைகளை வெளியே எடுத்தாள். வலது கையின் விரல்களைக் குவித்து, தன் கன்னத்தருகே மெல்ல விரித்தாள்.