திராட்சை வாடை

பெட்டியைத் திறந்ததும் திராட்சை வாடை அடித்தது.

மூக்கை விலக்கிக்கொள்ளத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள்.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் திராட்சைக்கு வேலையில்லை. அது கிருமி வளர்க்கும் பெட்டி. உள்ளே எப்போதும் முப்பத்தேழு டிகிரி. ஆள் உடம்பின் சூடு.

கண்ணாடித் தட்டில் பச்சை படர்ந்திருந்தது. அண்ணன் காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியிலும் இதே பச்சைதான்.

இந்தக் கிருமிக்குத் திராட்சை வாடை உண்டு என்று பாடப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதைப் பரீட்சைக்குப் படித்தபோது பயமாக இல்லை.

அண்ணன் தவசி, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருந்தான். சர்க்கரை வியாதிக்காரன் ஜூஸ் கடை வைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. காலில் ஆணி ஏறியது அவனுக்கே மூன்று நாள் தெரியவில்லை. தெரிந்தபோது புண் எந்த ஊசிக்கும் மசியவில்லை.

மாதுளைத் தோலில் கிருமியைக் கொல்லும் சத்து இருக்கிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. தோல் அண்ணன் கடையிலிருந்துதான் சாக்குச் சாக்காக வந்தது.

"பாப்பா, குப்பைல போடுற தோல்ல மருந்து இருக்குன்னா, இத்தன வருசமா பழத்தப் பிழிஞ்ச நான் கேனையனா?" என்று சிரிப்பான்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கட்டுப் பிரிக்கும்போது புண்ணில் பஞ்சுக் குச்சியை ஒற்றி எடுத்து வந்தது அவள்தான்.

"ஒன் கடைத் தோல வச்சே இத சாகடிக்கிறேண்ணே. பாத்துக்கிட்டே இரு."

தோல் நிழலில் காய வேண்டும். பொடியாக வேண்டும். ஆல்கஹாலில் ஊறி, வடிந்து, வற்ற வேண்டும்.

அண்ணன் அத்தனை நாள் இருக்கவில்லை.

அவனை எரித்தாயிற்று. தட்டில் அது உயிரோடு இருந்தது.

அவன் உடம்பைத் தின்று வளர்ந்தது அது. அவனுக்குப் பிள்ளை கிடையாது. அந்த உடம்பிலிருந்து வந்ததில் இன்னும் சாகாமல் இருப்பது அது ஒன்றுதான்.

அப்படி யோசித்திருக்கக் கூடாது. யோசித்துவிட்டாள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிருமியைப் புதுத் தட்டுக்கு மாற்றி ஊட்டம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டினியில் செத்துப்போகும். அமாவாசையன்று வீட்டில் அண்ணி காக்கைக்குச் சோறு வைத்தாள். அதே காலையில் இவள் இங்கே தட்டு மாற்றினாள்.

ஆட்டு ரத்தம் கலந்த ஊட்டம். அண்ணனுக்கு ரத்தப் பொரியல் என்றால் உயிர்.

தட்டின் மேல் எண்தான் எழுத வேண்டும், நோயாளியின் பெயர் எழுதவே கூடாது. அவள் எண்தான் எழுதினாள், அல்லது எழுதியதாக நினைத்தாள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் தட்டை எடுத்துக் காட்டியபோதுதான் பார்த்தாள். 'தவசி' என்று இருந்தது.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நம்பர் போடும்மா. இது ஒங்க அண்ணன் இல்ல. ஒங்க அண்ணனக் கொன்னது."

"தெரியும் மேடம்."

தெரியும்தான். தெரிந்து என்ன செய்வது?

இன்றோடு ஆராய்ச்சி முடிகிறது. கடைசித் தட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மதியத்துக்குள் எல்லாக் கிருமியையும் நீராவியில் வேகவைத்து அழித்துவிட வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும்.

அவள் கடைசித் தட்டை வெளியே எடுத்தாள்.

நடுவில், மாதுளைத் தோல் சாறு ஏற்றிய சின்னக் காகித வில்லை. அதைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம். அந்த வட்டத்தில் பச்சை இல்லை. அளந்தாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஆஸ்பத்திரி மருந்துகள் எல்லாம் தோற்ற இடத்தில் குப்பைத் தோல் ஜெயித்திருந்தது.

சொன்னதைச் செய்துவிட்டாள்.

அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.

வட்டத்துக்கு உள்ளே, வில்லையை ஒட்டி, ஒரு புள்ளி. கடுகில் பாதி.

மருந்துக்குள்ளேயே பிழைத்த ஒன்று. முன்னதைவிட முரடு. இதை உடனே மேடத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால், இன்னும் ஆறு மாதம் உழைத்து இதையும் கொல்ல வழி தேடுவார்கள்.

அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

"வாண்ணே," என்றாள்.

புள்ளியைக் கம்பி முனையில் எடுத்துப் புதுத் தட்டில் கோடு கோடாக இழுத்தாள். பெட்டியின் பின்வரிசையில் வைத்தாள். மற்ற எல்லாவற்றையும் நீராவிக் கொப்பரையில் அடுக்கி மூடியைத் திருகினாள்.

"ஒண்ணும் மிச்சமில்லையே?" என்று வாசலில் நின்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். எல்லாம் போயிருச்சு."

மேடம் உள்ளே வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "தவசி இருந்திருந்தா ரொம்பப் பெருமைப்பட்டிருப்பாரும்மா." நோட்டில் அவரே தன் கையால் எழுதினார்: 'முழுமையாக அழிகிறது.'

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முந்தி வந்தாள்.

தட்டை எடுத்தாள். புள்ளி இல்லை. தட்டு முழுக்க அதுதான் இருந்தது.

மூடியைத் திறந்து, முகம் அருகே கொண்டுபோய், எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. விரல் நுனி ஈரமாக, பச்சையாக இருந்தது. கையுறை போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உடனே கழுவ வேண்டும். குழாய் இரண்டு அடியில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.