ரோட்டுக்குக் குறுக்கே பூவரசு

"வெட்டுனாருங்க. என் கண்ணால பார்த்தன். மறியலுக்கு மொத மரம் எம் மாமனாரு வெட்டுனதுதான்"னான் பழனி, வேண்டாவெறுப்பா.

சங்கத்துக்காரர் நாராயணசாமி, சாவுப் பந்தல்ல கெடத்தியிருந்த மாமனாரு சடையன் மேல கொடியப் போத்துனாரு. சடையன் பகல் தூக்கம் போடறவராட்டம் கெடந்தாரு.

"இன்னா மனுசன்! பொண்ணு, பேத்தின்னு பார்க்காம, சனந்தான் பெருசுன்னு நின்னவரு!"

அதுதான் பழனிக்கு ஆறல.

ரெண்டு வருசம் முன்ன, தலப்பிரசவத்துக்கு வந்த பொண்டாட்டியையும் ஏழு மாசக் கொழந்தையையும் ரிஷிவந்தியத்துக்குக் கூட்டினு போவ, இதே வடக்கனந்தலுக்கு வந்திருந்தான். மூட்டையோட ரோட்டுக்கு வந்தா, தான் நட்ட பூவரசையே வெட்டிக் குறுக்கால போட்டுட்டு நிக்கறாரு மாமனாரு.

"மறியல் மாப்ள. பஸ்சு வராது."

ஒரு வாரம். இப்ப நெனச்சாலும் கனா மாதிரிதான் இருக்குது. சத்தமே இல்லாத ரோடு. கல்வராயன் மல கிட்ட வந்து குந்திக்கினு இருந்துச்சி. சாஞ்ச மரத்து மேல மாமனாரு, மார்ல கொழந்த. ரெண்டும் ஒரே மூச்சா தூங்கும்.

ஊருக்குப் போனவன் அந்தக் கோவத்துல கொழந்தய இந்தப் பக்கமே அனுப்பல. அவரு ஆள் வுட்டுக் கேட்டா, "பஸ்சு இல்லன்னு சொல்லு"ம்பான்.

இப்பக்கூட, பேரப்புள்ளைங்க புடிக்கற நெய்ப்பந்தத்தப் பேத்தி கோகிலா தாத்தாவுக்குப் புடிக்கணும்னு ஒறவுக்காரங்க கேட்டதுக்கு, "சின்னப்புள்ள, வேணாம்"னுட்டான்.

நாராயணசாமி வுடல. "நாங்கல்லாம் கோடாலியத் தொட்டதே மறுநாதான். மறியல் நாளைக்குன்னு சொல்லியும் பொறுக்காம, ஒரு நா முன்னயே எறங்குன வீரரு!"

பழனி திரும்புனான். "ஒரு நா முன்னயா?"

மாமியார் தைலம்மாள் முந்தானையில மூக்கத் தொடச்சிக்கினு தலையத் தூக்குனாங்க.

"வீரராம். 'புள்ள போயிட்டா நீ அழுவ தைலா, என்னால பார்க்க முடியாது. தவழறத மட்டும் பார்த்துட்டு அனுப்பிடலாம்'னு கோடாலிய எடுத்தாரு. மறியல் நாளைக்கி, உங்க பஸ்சு இன்னிக்கி. அவரு இன்னாதான் பண்ணுவாரு மாப்ள?"

நாராயணசாமி கொடியோட ஓரத்த இழுத்து வுட்டுக்கினே, மெதுவா கேட்டாரு: "தவழ்ந்துச்சா?"

"கடைசி நாளு. அந்த மரத்தப் புடிக்கத்தான் தவழ்ந்துச்சி"ன்னான் பழனி.

வெளிய பம்பை கெளம்பிடுச்சி. "நெய்ப்பந்தத்துக்கு நேரமாச்சி, யாரு புடிக்கிறது? மாப்ளோய்!"

பழனி, தூங்கிக்கினு இருந்த கோகிலாவ அள்ளித் தோள்ல போட்டுக்கினான்.

"இதோ, ரெண்டு பேரும் வரோம்"னு நடந்தான்.